கவசத்துக்குள் இருந்து பார்த்த பிரசவங்கள்

2020ஆம் ஆண்டைச் செவிலியர், மருத்துவச்சி ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டில் பாதியை நாங்கள் பிபிஇ கிட் என்ற முழு உடல் கவசத்துக்குள்தான் கழித்தோம்.

நான் அரசு மருத்துவமனை லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். கொரோனா தொற்று உள்ள கர்ப்பிணிகளுக்குத் தனி அறை, ஏசி கூடாது. மே மாத வெயிலில் கிட்டை மாட்டிய பத்தாவது நிமிடமே முதுகில் வியர்வை வழியும். ஒருமுறை கழற்றினால் அந்த கிட் குப்பைக்குத்தான். அதனால் பாத்ரூம் போக மாட்டோம், அதற்காகவே தண்ணீரும் குடிக்க மாட்டோம். சிறுநீர்த் தொற்றோடு வேலை பார்த்தவர்களும் எங்களில் உண்டு. இதையெல்லாம் பலரும் பேசிவிட்டார்கள். பிரசவம் பார்க்கும் வேலையே எப்படி மாறியது என்பதைத்தான் யாரும் அதிகம் கேட்பதில்லை.

எங்களுக்குக் கைதான் கண். கருப்பைவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று விரல்தான் சொல்லும். இரட்டைக் கையுறை போட்டால் அந்த விரல் மரத்துப்போன மாதிரி இருக்கும். நரம்பு தேடி ஊசி போடுவது இன்னும் கஷ்டம், அதுவும் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டால். தலைமூடி காதையும் மறைத்துவிடுவதால் வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வழியில்லை. துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் ஸ்பீக்கர்தான் துணை.

முகம் போனதுதான் பெரிய இழப்பு. தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், துணைக்கு அம்மாகூட இல்லாமல் வலியில் கிடந்தாள். "நீங்க காலையில இருந்த சிஸ்டரா, வேற ஆளா?" என்று மூன்று தடவை கேட்டாள். "இப்ப முக்கும்மா" என்று நான் சொன்னது என்95 முகக்கவசத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்புறம் கையைப் பிடித்து, வலி ஏறும்போது அழுத்தி, இறங்கும்போது தளர்த்திக் காட்டினேன். மறுநாளிலிருந்து மார்க்கரால் என் பெயரைக் கவசத்தின் நெஞ்சில் பெரிதாகத் தமிழில் எழுதிக்கொண்டேன். செலவில்லாத வேலை, முதல் நாளே செய்திருக்கலாம்.

போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து. கையுறை, கவுன், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, இடையிடையே கையைச் சுத்தம் செய்து, முகக்கவசத்தை அறைக்கு வெளியே வந்து கடைசியாக எடுக்க வேண்டும். ஆறு மணி நேரம் நின்றபிறகு மூக்குதான் முதலில் அரிக்கும். ஒருநாள் நான் கவுனோடேயே முகத்துக்குக் கையைக் கொண்டுபோக, வெளியே நின்ற தோழி கத்தித் தடுத்தாள். கழற்றும் இடத்தில் எப்போதும் இன்னொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

இன்னொன்று, நாம் கவசம் மாட்டி முடிக்கும்வரை குழந்தை காத்திருக்காது. கருப்பைவாய் ஏழெட்டு சென்டிமீட்டர் திறந்ததுமே ஒருவர் முழுக் கவசத்தில் தயாராக நிற்பார் என்று பிறகு நாங்களே முறை வைத்துக்கொண்டோம்.

இப்போது பயிற்சிக்கு வரும் மாணவிகளை, பொம்மைக் கையில் ஊசி போடும்போது இரட்டைக் கையுறையும் ஃபேஸ் ஷீல்டும் போட்டுப் பழகச் சொல்கிறேன். "அதான் கொரோனா போயிடுச்சே சிஸ்டர்" என்று முணுமுணுக்கிறார்கள். சரி, முணுமுணுத்துக்கொண்டே பழகட்டும்.