40,000 ஸ்டாரும் ஒரு கொத்தமல்லி பில்லும்

மளிகைக் கடை ஒன்றுக்கு பில் போடும் ஆப் செய்துகொண்டிருந்தோம். பில்லை பிடிஎஃப் ஆக்கும் வேலை ஒரு ஜூனியர் பையனிடம் இருந்தது. வேறொருவர் எழுதி வைத்த கோடை அப்படியே எடுத்துக்கொள்ள உதவும் ஒரு லைப்ரரியைக் காட்டி, "அண்ணா, கிட்ஹப்ல 40,000 ஸ்டார் பக்கம் இருக்குண்ணா" என்றான். கிட்ஹப் கோடைப் பகிரும் தளம், ஸ்டார் அங்கே விழும் லைக் மாதிரி. டெமோவும் அழகாக வந்தது. டெமோவில் இருந்த சரக்கெல்லாம் ரைஸ், சுகர், ஆயில் என்று ஆங்கிலத்தில். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் முதல் நாள் அடித்த பில்லில் கொத்தமல்லி இருந்தது. க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, அதைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. "தம்பி, எங்க வீட்டு மூணாங்கிளாஸ் பிள்ளை இதைவிட நல்லா எழுதும்" என்றார்.

ஃபான்ட் கோளாறு என்று நினைத்து மூன்று ஃபான்ட் மாற்றியதில் ஒரு நாள் போனதுதான் மிச்சம். எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் 'கொ' என்பது இரண்டே குறியீடு: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது ஷேப்பிங் என்கிற தனி வேலை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஹார்ஃப்பஸ் என்ற இன்ஜினை வைத்து அதைச் செய்கின்றன. நாங்கள் எடுத்த லைப்ரரியோ வந்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கிவிட்டுப் போனது. கடைசியில் பில்லை எச்டிஎம்எல் பக்கமாக எழுதி, அச்சடிக்கும் வேலையை பிரவுசரிடமே விட்டோம். லைப்ரரியே தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து ஒரு சின்ன சோதனைக் கோப்பு வைத்திருக்கிறேன். எந்த லைப்ரரி வந்தாலும் முதலில் அதைத்தான் ஊட்டிப் பார்ப்பது. கொத்தமல்லி அதில் இருக்கிறது, 'தமிழ்' என்ற சொல்லும் இருக்கிறது. 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பிரவுசரில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளம் கேட்டால், இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணி 5 என்று சொல்லும். பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டும் ஃபார்ம் லைப்ரரிகள் பல இந்த 5-ஐ நம்பித்தான் வெட்டுகின்றன. நான்கில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்டல் செக்மென்ட்டரிடம் கேட்டால் மூன்று என்று சரியாகச் சொல்லும்.

பிரவுசரில் ஏற்கெனவே இருப்பதற்காக நாம் இறக்கும் பொதி கொஞ்சநஞ்சம் இல்லை. லட்சத்துக்கு நம் முறைப்படி காற்புள்ளி வைத்து 12,34,567 என்று காட்ட லைப்ரரி எதற்கு? பிரவுசரிலேயே உள்ள இன்ட்டல் நம்பர்ஃபார்மேட்டுக்கு இந்திய லொகேல், அதாவது இந்திய வழக்கம் என்ற குறிப்பு, கொடுத்தால் போதும். தேதிக்கு இன்னமும் மொமென்ட் என்ற லைப்ரரியைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டுடோரியல்களின் உபயம். புதிய புராஜெக்ட்டுக்கு இதை எடுக்காதீர்கள் என்று அதைப் பராமரிக்கிறவர்களே 2020-இல் சொல்லிவிட்டார்கள்.

சரி, உண்மையாகவே ஒரு லைப்ரரி வேண்டும் என்றால் நான் ஸ்டாரைப் பார்ப்பதில்லை. ஸ்டார் என்பது என்றைக்கோ ஒருவர் பிடித்திருக்கிறது என்று அழுத்திவிட்டுப் போனது. அதன் புது வெர்ஷனை பப்ளிஷ் செய்யும் சாவி இப்போது யார் கையில் என்பதுதான் கேள்வி. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற லைப்ரரியின் கதை தெரிந்திருக்கும். வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் டவுன்லோடு. எழுதியவர் டொமினிக் டார், அதைப் பயன்படுத்துவதை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முகம் தெரியாத ஒருவர் மெயில் போட, 2018-இல் உரிமையைக் கொடுத்துவிட்டார். வந்தவர் கொஞ்சம் நல்ல வேலை செய்துவிட்டு, ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பேக்கேஜை உள்ளே சேர்த்தார். கோபே என்ற பிட்காயின் வாலட்டில் திருடுவதற்கான கோட் அதில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. டாரை எல்லாரும் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் பெரிய கோபம் இல்லை. சம்பளம் இல்லாமல் எத்தனை வருஷம் ஒருவர் நம் பாரத்தைச் சுமப்பார்?

2025 செப்டம்பரில் வேறு மாதிரி நடந்தது. சாக், டீபக் உள்ளிட்ட பேக்கேஜ்களைப் பராமரிப்பவர், பேக்கேஜ்களை வைத்து விநியோகிக்கும் என்பிஎம் அனுப்பியது போலவே வந்த போலி மெயிலை நம்பி ஏமாந்தார். திருட்டு கோட் கலந்த வெர்ஷன்கள் வெளியாயின. சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். புது வெர்ஷன் வந்த அன்றே ஏற்றிக்கொள்ளாதவர்கள் தப்பித்தார்கள். பேக்கேஜ்களை இறக்கித் தரும் இன்னொரு கருவியான பிஎன்பிஎம் அதே மாதம் இதற்கென்றே மினிமம் ரிலீஸ் ஏஜ் என்ற செட்டிங்கைக் கொண்டுவந்தது. கணக்கு நிமிடத்தில், 1440 என்று போட்டால் வெளியாகி ஒரு நாள் ஆகாத எதையும் அது எடுக்காது. நாங்கள் 10080 போட்டிருக்கிறோம், ஒரு வாரம். எந்தப் பேக்கேஜில் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை, கோடின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் சேர்க்க வேண்டும், சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் என்று அடிக்காமல், லாக் ஃபைலில் உள்ளதை மட்டுமே இறக்கும் என்பிஎம் சிஐ அடிக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய பாடம். ஆனாலும் போன மாதம்கூட லாக் ஃபைலை, கிட் ஒதுக்க வேண்டிய பட்டியலான கிட்இக்னோரில் போட்டு வைத்திருந்த ஒரு புராஜெக்ட் என்னிடம் வந்தது.

அந்த ஜூனியர் பையன் இப்போது ஸ்டார் பேச்சே எடுப்பதில்லை. மாத விற்பனையைக் காட்ட ஒரு சார்ட் லைப்ரரி வேண்டும் என்று போன வாரம் வந்தான். கொத்தமல்லி சரியாக நின்றது. தன் பங்குக்கு வெந்தயக்கீரையையும் போட்டுப் பார்த்திருந்தான். ஆனால் அந்த லைப்ரரியின் புகார்களைப் பதியும் இஷ்யூ பக்கத்தில் யாரும் பதில் சொல்லி எட்டு மாதம் ஆகியிருக்கிறது. பிரவுசரே வரைந்து காட்டும் சாதாரண எஸ்விஜி படத்தில் பன்னிரண்டு பட்டையை நாமே வரைந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.