அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. அதே வயிற்றுவலி, அதே தடித்த ஃபைல். இவளுக்கு எட்டு வயது. தினமும் காலையில் யூனிபார்ம் போட்டதும் வயிறு வலிக்கும். ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனை இரண்டு முறை, பூச்சி மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்து, கடைசியில் குழந்தைகள் மருத்துவர், மனநலத் துறையில் இருக்கும் என்னிடம் அனுப்பியிருந்தார். கூட்டிக்கொண்டு வந்தவர் அம்மாச்சி. "அம்மா வரலையா?" என்று நான் கேட்டதும் அவர் பிள்ளைக்குத் தெரியாமல் எனக்குக் கண்ணைக் காட்டினார். பிறகு தனியாக வந்து, "ஆறு மாசம் ஆச்சு தாயி. புள்ளைக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றார். சாவு விழுந்த அன்றைக்கே பிள்ளையை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரியம் முடிந்த பிறகுதான் அழைத்து வந்திருக்கிறார்கள்.

அம்மாச்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் பிள்ளையுடன் படம் வரைய உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஒரு வார்த்தை இல்லை. பென்சில் சீவ ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். அதற்குள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை. மெரூன் நிறம், நாலே நாலு பொட்டு மிச்சம். "யாரோடது இது?" என்றேன். "எங்கம்மாது." சீவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "எங்கம்மா செத்துட்டாங்க மிஸ். எனக்குத் தெரியும்னு அம்மாச்சிகிட்ட சொல்லிடாதீங்க. அவுங்க அழுவாங்க."

வந்த நாலாம் நாளே கூடப் படிக்கும் பிள்ளை சொல்லிவிட்டாளாம். அப்புறம் பீரோவில் துணிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த மாலை போட்ட படத்தையும் பார்த்துவிட்டாள். ஆறு மாதமாக அந்த எட்டு வயதுப் பிள்ளை, தன் அம்மாச்சி அழக்கூடாது என்பதற்காக ஒன்றும் தெரியாதது போல இருந்திருக்கிறாள். அவளுடைய அம்மா இறந்தது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில். மறுபடி பள்ளிக்கூடம் போனால் அம்மாச்சியும் செத்துப்போவார் என்று பயம். அன்றைக்குக் காலையில் தலை பின்னும்போது அம்மாவிடம் "நீ எனக்கு வேணாம் போ" என்று கத்தியிருக்கிறாள். அதனால்தான் அம்மா செத்துவிட்டாள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனையையும் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வீட்டுக் கணக்குப்படி அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

இதற்கு ஸ்கேனில் என்ன தெரியப்போகிறது?

எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது. "சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும்", "ரெண்டு மாசத்துல மறந்துரும்" என்ற இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளை நாம் தனியே விட்டுவிடுகிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. டாக்டர் வீட்டிலும் இதே பேச்சுதான்.

பிள்ளைக்குத் தெரியும். கைக்குழந்தைக்கே, தன்னைத் தூக்கும் கை மாறிவிட்டது தெரியும். பால் குடிக்காது, இரவில் தூங்காது. மூன்று, நான்கு வயதில் சாவு நடந்தது தெரியும், ஆனால் அது திரும்பாதது என்று புரியாது. அதனால்தான் காலையில் "அப்பா செத்துட்டார்" என்று தானே சொல்லும் பிள்ளை, சாயங்காலம் "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்கும். ஐந்து வயதிலிருந்து ஒன்பது, பத்து வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, செத்தவர் திரும்ப மாட்டார், எல்லோரும் ஒருநாள் சாவார்கள் என்பது பிடிபடும். பிடிபடும் அந்த வயதிலும் "நான் நினைத்ததால் நடந்தது", "நான் திட்டியதால் நடந்தது" என்ற எண்ணம் பலமாக இருக்கும். நாம் வாயை மூடிக்கொண்டால் பிள்ளை தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் காரணம் பெரும்பாலும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும். நாம் சொல்லும் எந்த உண்மையும் அதைவிடக் கொடூரமானது இல்லை.

மறப்பது பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை அழுதுகொண்டே இருக்காது. பத்து நிமிடம் அழும், பிறகு பந்தலுக்கடியில் நாற்காலியைத் தள்ளி பஸ் விளையாடும். "அப்பன் செத்துக் கிடக்கான், இது விளையாடுது பாரு" என்று ஒரு அத்தை சொல்வார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நம்மைப் போல நாள் முழுக்கத் துக்கத்தைச் சுமக்கக் குழந்தையால் முடியாது. கொஞ்சம் எடுக்கும், இறக்கி வைக்கும், மறுபடி எடுக்கும். இறக்கி வைத்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாம் "மறந்துருச்சு" என்கிறோம்.

சரி, பிள்ளையிடம் என்ன சொல்வது? "செத்துட்டாங்க", "இறந்துட்டாங்க" என்ற வார்த்தையையே சொல்லுங்கள். "தூங்குறார்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி, இரவில் தூங்கவே பயந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "சாமி கூட்டிட்டுப் போயிட்டார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நல்லவர்களைச் சாமி கூட்டிக்கொண்டு போகும் என்றால் பிள்ளை சாமி அறைக்குள் போகவே பயப்படும். உங்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. உடம்புக்கு நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, சாமியைப் பற்றி அப்புறம் சொல்லுங்கள். "வெளியூர் போயிருக்கார்" என்பது எல்லாவற்றையும் விட மோசம். சொல்லாமல் போன அப்பா, போன் கூடப் பண்ணாத அப்பா, என்னைப் பிடிக்காத அப்பா என்று அது வளர்ந்துகொண்டே போகும்.

ஒரு வீட்டில் ஐஸ் பெட்டியைப் பார்த்து ஐந்து வயதுப் பையன், "அப்பாவுக்குக் குளிராதா?" என்று கேட்டிருக்கிறான். சுற்றியிருந்தவர்கள் ஓவென்று அழுதார்கள், யாரும் பதில் சொல்லவில்லை. அவன் உள்ளே போய்ப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தான், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது நல்ல கேள்வி, அதற்குப் பதிலும் இருக்கிறது. "அப்பாவோட உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனிமே அப்பாவுக்குக் குளிராது, வலிக்காது, பசிக்காது. அப்பாவால திரும்பி வர முடியாது. நீ ஒண்ணும் பண்ணல. உன்னை நாங்க பாத்துக்குவோம்." இவ்வளவுதான். மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மிக நெருங்கிய ஒருவர் சொல்ல வேண்டும். நூறு தடவை கேட்டாலும் நூறு தடவையும் இதையே சொல்ல வேண்டும். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். அழலாம் என்பதைப் பிள்ளை உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தற்கொலையாக இருந்தால் இன்னும் கடினம். "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லி வைப்பார்கள், தெருவில் எவரோ ஒருவர் உண்மையை அசிங்கமாகச் சொல்லிவிடுவார். அதற்கு முன் வீட்டார் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு மனசில் பெரிய நோய், அந்த நோயில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள், யாரும் கோபப்படுத்தியதால் இல்லை, உன்னால் இல்லவே இல்லை என்று சொல்லுங்கள். எப்படி என்ற விவரம் வேண்டாம்.

சடங்குக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பார்கள். பிள்ளையிடம் கேளுங்கள். என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்: நிறையப் பேர் அழுவார்கள், சங்கு ஊதுவார்கள், மேளம் அடிப்பார்கள், பிறகு தூக்கிக்கொண்டு போவார்கள். கூடவே இருக்க ஒரு ஆளை நியமியுங்கள், பிள்ளை போதும் என்றால் அந்த ஆள் அந்த நிமிடமே வெளியே கூட்டிவர வேண்டும். தாத்தா பாட்டி இறந்தால் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பது நம் ஊரில் இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கும் அந்தச் சாவில் ஒரு இடம் உண்டு என்று நம் முன்னோர் வைத்தது அது. ஆனால் பத்து வயதுப் பையன் மாட்டேன் என்று நடுங்கும்போது மொட்டையடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொள்ளி வைக்கச் சொல்லாதீர்கள். சித்தப்பா கையைப் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது அவரே வைக்கட்டும்.

அப்புறம், சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அவன் தோளைத் தட்டி "இனிமே நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பள. அழக்கூடாது, அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும்" என்பார்களே, அதை நிறுத்துங்கள். அவனுக்குப் பத்து வயது. அவனை யார் பார்த்துக்கொள்வது என்பதை அவனிடம் சொல்லுங்கள். அதே கூட்டத்தில் ராசி, ஜாதகம், "அப்பனை முழுங்கிட்டான்" என்று பேசுபவர் யாராக இருந்தாலும், வயதில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே வாயை மூடச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்தும் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு என்னிடம் வரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். உடலுக்கு அருகில் அழும் பிள்ளையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பதினாறு நாள் வரை நம் ஊர் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறது. சோறு வருகிறது, ஆள் வருகிறது. பதினேழாம் நாள் வீட்டில் யாரும் இருப்பதில்லை. என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பதினேழாம் நாளுக்குப் பிறகு வருகிறவர்கள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் அனுப்ப மனநல மருத்துவர்கள் எங்கே இருந்தார்கள்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்களும் உள்ளூர் இளைஞர்களும்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடினார்கள், படம் வரைந்தார்கள், பேச வந்தபோது கேட்டார்கள். எங்கள் துறையில் அன்றைக்குக் கற்ற பெரிய பாடம் அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு என் அறை தேவையே இல்லை. தினமும் ஒரே நேரத்தில் வந்துபோகும் ஒரு ஆள் போதும்.

அதனால் "எதுனாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். துக்கத்தில் இருக்கும் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். செவ்வாய், வியாழன் பிள்ளையைப் பள்ளியில் நான் விடுகிறேன் என்று நாளைச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அந்தப் பெண் தாலுகா ஆபீஸ் அலையும்போது ஒருவர் கூடப் போங்கள், இன்னொருவர் பிள்ளையோடு வீட்டில் இருங்கள். அம்மா திரும்பி வர அரைமணி நேரம் தாமதமானாலே அந்தப் பிள்ளைக்கு உயிர் போகும். செத்தவரின் துணிமணி எல்லாவற்றையும் உடனே ஒழித்துக்கட்டாதீர்கள். ஒரு சட்டை, ஒரு சேலை, ஒரு பொட்டு அட்டையாவது பிள்ளைக்கு இருக்கட்டும். முடிந்தவரை முதல் ஒரு வருடம் அக்கா தம்பியைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் விடாதீர்கள், ஹாஸ்டலில் சேர்க்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு: பிள்ளை திரும்பி வருவதற்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். வந்த அன்றைக்கு எல்லோர் முன்னும் எழுப்பி நிறுத்தி அனுதாபம் தெரிவிக்க வேண்டாம். அழுகை வந்தால் கேட்காமலே வெளியே போய்வரலாம் என்று தனியாகச் சொல்லுங்கள், போதும். இன்னொன்று. ஒவ்வொரு மார்ச் மாதமும் அப்பாவின் உடல் வீட்டில் கிடக்க, பிளஸ் டூ தேர்வு எழுதிய பிள்ளையைப் பாராட்டி ஒரு செய்தி வருகிறது. அந்தப் பிள்ளை எழுத விரும்பினால் எழுதட்டும், அது அவள் விருப்பம். ஆனால் துணைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதில் எழுதினாலும் அதே ஆண்டு கல்லூரி போகலாம் என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? அப்பாவை வழியனுப்பவில்லையே என்று பின்னாளில் என் முன்னால் அழுபவர்கள் உண்டு. அதை எந்தப் பேப்பரும் போடுவதில்லை.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், பசியோடு துக்கம் ஆறாது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்திருந்தால் 75,000 ரூபாய் நிதியுதவி உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று விசாரித்துப் போங்கள். மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அந்த அம்மாவால் இப்போது எழுத முடியாது.

எப்போது எங்களிடம் கூட்டிவர வேண்டும்? ஆறு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், படிப்பு, விளையாட்டு எதுவும் திரும்பவில்லை என்றால் வாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 வரையறையும் நீடித்த துக்கத்துக்குப் பெரியவர்களுக்கு ஒரு வருடம், பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்றுதான் கணக்கு வைக்கிறது. ஆனால் "நானும் அம்மாகிட்டப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். திட்டாதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்றைக்கே கூட்டிவாருங்கள். நள்ளிரவாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், இலவசம். பிள்ளையை யாராவது கொடுமைப்படுத்துகிறார்கள் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098.

அந்த எட்டு வயதுப் பிள்ளையின் அம்மாச்சியை அன்றைக்கே உள்ளே கூப்பிட்டேன். பிள்ளையிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான். உண்மையைச் சொல்ல அவருக்கு இருபது நிமிடம் ஆனது. பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். படம் இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறதாம். வயிற்றுவலி இன்னும் முழுதாக விடவில்லை, வாரத்தில் ஒருநாள் வருகிறது. இடைவேளையில் அம்மாச்சிக்கு ஒரு போன் பண்ண வகுப்பாசிரியை அனுமதிக்கிறார்.

தீபாவளி வருகிறது. ஒரு வருடத்துக்குப் பண்டிகை இல்லை என்று துக்க வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். தெருவே வெடி வெடிக்கும்போது அந்தப் பிள்ளை ஜன்னலில் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், அது நம் வழக்கம்தான். கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "உங்கம்மா சுடற முறுக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள்.