சாய்தளம் மட்டும் போதாது: பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்காகப் பள்ளியில் எதைக் கேட்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். மாடிக் கட்டடம், திறந்த தாழ்வாரம், சிமெண்டுப் படிக்கட்டு, தாழ்வாரத்தை நோக்கி வெளிப்பக்கமாகத் திறக்கும் இரும்பு ஜன்னல்கள். என் அக்கா மகள் ஐந்தாம் வகுப்பில் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டது அப்படி ஒரு ஜன்னலால்தான். வெள்ளைக்கோல் தரையில் கிடப்பதைத் தட்டிச் சொல்லும்; நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை அதனால் சொல்ல முடியாது. பள்ளியில் முறையிட்டபோது, "நாங்கள்தான் சாய்தளம் கட்டியிருக்கிறோமே" என்றார்கள். சாய்தளம் சக்கர நாற்காலிக்கு உதவும். கண் சரியாகத் தெரியாத பிள்ளைக்கு வேண்டியது வேறு. அதைக் கேட்கும் உரிமை நம் கையில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தில் 12(5)ஆம் பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுப்பள்ளிகளின் கட்டட வசதிகள் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் எட்டும்படி இருக்க, மாகாணக் கல்வி அமைச்சர் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. 2013 நவம்பரில் வந்த பள்ளிக் கட்டமைப்பு விதிகளும், எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பைப் பள்ளிகளிடம் எதிர்பார்க்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், 9ஆம் பிரிவு. குறைபாடு உள்ளவருக்குச் சம வாய்ப்பைத் தடுக்கும் இடைஞ்சல்களை அகற்றாமல் விடுவதையே அது பாகுபாடு என்று கணக்கில் எடுக்கிறது. யாரும் வாசலில் நின்று மறிக்க வேண்டியதில்லை. சும்மா இருப்பதே குற்றச்சாட்டுக்கு இடம் தரும்.

சரி, எதைக் கேட்பது? பார்வைக் குறைபாடு என்றாலே முழு இருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது தெரியும். அந்தக் கொஞ்சத்துக்கு நிறம் பெரிய துணை. சாம்பல் நிறச் சிமெண்டுப் படியில் எது விளிம்பு, எது அடுத்த படி என்று பிரித்தறிய முடியாது; ஒவ்வொரு படியின் முனையிலும் பளிச்சென்ற மஞ்சள் பட்டை அடித்தால் தெரியும். கைப்பிடிக் கம்பி கடைசிப் படியோடு நின்றுவிடாமல் சற்று நீண்டிருந்தால், படி முடிந்தது என்பதைக் கை முன்கூட்டியே சொல்லிவிடும். கதவும் சுவரும் ஒரே வெள்ளையாக இருந்தால் வாசல் எங்கே என்று தடவ வேண்டியிருக்கும். வகுப்புப் பெயர்ப்பலகை தலைக்கு மேலே இருந்து பயனில்லை; கதவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், எல்லா வகுப்புக்கும் ஒரே இடத்தில், புடைத்த எழுத்திலும் பிரெய்லிலும் வேண்டும். அல்பினிசம், அதாவது பிறவியிலேயே நிறமிக் குறைவு, உள்ள பிள்ளைகளுக்கு வெளிச்சமே தொல்லை. அவர்களுக்கு ஜன்னல் திரையும் முற்றத்தில் நிழல் உள்ள நடைபாதையும் தேவை. தாழ்வாரத்தில் பைகளும் பெஞ்சுகளும் நாளுக்கு ஓர் இடத்தில் கிடக்கக் கூடாது. இதற்குக் காசே வேண்டாம், ஒழுங்கு போதும்.

பெயிண்ட் வேலைக்கு மாகாணத் துறையின் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு பள்ளிச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ், பெற்றோரும் அங்கம் வகிக்கும் பள்ளி ஆளுகைக் குழுவிடம் தரப்பட்டிருந்தால், அந்தக் குழுவே முடிவெடுக்கலாம். நம் முன்னோர் இந்த மாகாணத்தில், அன்றைய நேட்டாலில், கைக்காசு போட்டுப் பள்ளிகள் கட்டியவர்கள். நாலு டின் மஞ்சள் பெயிண்டுக்கு ஒரு குழு தயங்கினால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

வழிமுறைக்கு வருவோம். உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு தருவதற்காக 2014இல் வந்த எஸ்ஐஏஎஸ் (SIAS) கொள்கைப்படி, பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்பதை வகுப்பாசிரியர் எஸ்என்ஏ 1 (SNA 1) என்ற படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். போதாவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்என்ஏ 2 நிரப்பும். அடுத்தது மாவட்டக் குழு. பெற்றோரைக் கலந்துகொண்டுதான் இதெல்லாம் நடக்க வேண்டும். பெரிய எழுத்துப் புத்தகம், முன்வரிசை இருக்கை என்பதோடு படிவம் முடிந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். படி, ஜன்னல், கழிப்பறை வழி என்று கட்டடத்தில் மாற வேண்டியதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்கும் ஆளுகைக் குழுவுக்கும் தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

"பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஆர்தர் பிளாக்ஸால் சிறப்புப் பள்ளி இருக்கிறதே, அங்கே சேருங்கள்" என்று சிலர் சொல்வார்கள். பிரெய்ல் பயிற்சி முழுமையாக வேண்டும் என்று நீங்களே விரும்பினால் அது வேறு. படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்காததற்காகப் பிள்ளை வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம். அதற்கும் மேலே மனித உரிமை ஆணையம். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் இயங்கும் சமத்துவ நீதிமன்றத்துக்கும் போகலாம். அங்கேயும் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம்.

கடிதம் எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையோடு கேட்டிலிருந்து வகுப்பு வரை, வகுப்பிலிருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். பிள்ளை முன்னே போகட்டும். நாங்கள் அப்படி நடந்த அன்று, அக்கா மகள் முதலில் அந்த ஜன்னலைத்தான் காட்டுவாள் என்று நினைத்தோம். அவள் நேரே கழிப்பறைப் பக்கம் கூட்டிப்போய், வாசலுக்கு முன்னால் மூடி போடாத சாக்கடையைக் காட்டினாள். மூன்று வருடமாக அதைக் குதித்துத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.