ஸ்லோகன்: சுலோகமா, முழக்கமா, வாசகமா?

நகரின் பெருமையைச் சொல்லும் சிறந்த ‘சுலோகத்துக்கு’ப் பரிசு என்று கோவையில் ஓர் அமைப்பு அறிவித்திருக்கிறது. சாலைப் பாதுகாப்பு வாரம், மரம் நடும் விழா, கல்லூரி ஆண்டு விழா என்று எங்கு பார்த்தாலும் இந்தச் சுலோகம் தலைகாட்டுவதால், இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆங்கில ‘ஸ்லோகன்’ வேறு, வடமொழிச் சுலோகம் வேறு. காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. சுலோகம் எட்டெட்டு அசையாக நான்கு பாதம் கொண்ட செய்யுள். ஸ்லோகனோ ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் மொழியில் ‘படை’ என்னும் சொல்லும் ‘கூவல்’ என்னும் சொல்லும் சேர்ந்து பிறந்தது. குலத்தாரைப் போருக்குத் திரட்டக் கூவிய அந்தக் கூவல் பல வேளைகளில் வெறும் இடப்பெயராகவே இருந்தது. கேம்பல் குலத்தார் தங்கள் மலையான குருவகனின் பெயரைச் சொல்லியே கூவினர். ‘ஸ்லக்ஹார்ன்’ என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து மயங்கி, அதை ஊதுகொம்பின் பெயர் என்று எண்ணிக்கொண்ட ஆங்கிலக் கவிஞர்களும் உண்டு. ஆகவே ஒலியை நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்லர் என்று ஆறுதல் கொள்ளலாம்.

சுலோகத்தை விலக்குவது எளிது. எனக்கு உண்மையான வழக்கு ‘முழக்கம்’ என்னும் சொல்லோடுதான். ‘கோஷம்’ வடமொழி என்று அதை ஒதுக்கிவிட்டு, நல்ல தமிழ் என்று முழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்; ஊர்வலத்தைப் பொறுத்தவரை அது சரியான சொல்லும்கூட. இடி முழங்கும், முரசு முழங்கும், ஆலை வாயிற்கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஒரே குரலில் முழங்குவார்கள். முழக்கம் என்றால் ஓசை வேண்டும், கூட்டம் வேண்டும், எதிரே கேட்பதற்கு ஒரு தரப்பும் வேண்டும். இவற்றில் ஒன்றுமே இல்லாத இடத்தில், செய்தித்தாள்காரர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஒட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர்கள் தமக்கென வைத்துக்கொள்ளும் வரிகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில், 2000-ஆம் ஆண்டில், ரெட் வாசெனிக் என்ற கல்லூரி நூலகர் உள்ளூர் வானொலி ஒன்றுக்குத் தொலைபேசியில் நன்கொடை அளிக்கும்போது, ஆஸ்டின் தன் ஏடாகூடத்தை விட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்ற பொருளில் ‘கீப் ஆஸ்டின் வியர்டு’ என்று போகிறபோக்கில் சொன்னார். சொன்னது நன்றாக இருக்கிறதே என்று அவரும் மனைவியும் அதைக் கார்களின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கராக அச்சிட்டுக் கொடுத்தார்கள். பெரிய சங்கிலிக் கடைகளுக்கு எதிராகத் தாக்குப்பிடிக்க முயன்ற உள்ளூர்ப் புத்தகக் கடையும் இசைத்தட்டுக் கடையும் அதை எடுத்துக்கொண்டன. பிறகு வேறொரு நிறுவனம் பனியனிலும் தொப்பியிலும் போட்டு விற்பதற்காக அந்த வரிக்கு வணிக முத்திரை உரிமை வாங்கப்போக, அதைப் பெற்றெடுத்த வாசெனிக்கே எதிர்க்க வேண்டியதாயிற்று. 2003-இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் இசைத்தட்டுக் கடை நடத்திய டெர்ரி கரியர், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அதே வரியைத் தம் நகருக்குக் கொண்டுவந்தார். அது அங்கே ஒரு கட்டடச் சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் ஏறிவிட்டது. லூயிவில், சாண்டா குரூஸ் என்று மேலும் சில ஊர்கள் பின்தொடர்ந்தன. யார்மாதிரியும் இல்லாத ஊர் என்பதைச் சொல்ல அடுத்த ஊரின் வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பதும், பிறகு யார் அசல் ஏடாகூடம் என்று ஆஸ்டின்காரர்களும் போர்ட்லாந்துக்காரர்களும் வம்பளந்தார்கள் என்பதும்தான் இதில் சுவையான பகுதி.

இந்தக் கதையில் முழங்கியவர் யார்? தொலைபேசியில் பேசினார், ஸ்டிக்கர் ஒட்டினார், சுவரில் எழுதினார், பனியனில் அச்சிட்டார். எல்லாமே வாசிக்கும் காரியங்கள். அதற்குத் தமிழ்நாட்டுத் தெருவில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: வாசகம். ஆட்டோவின் முதுகில் இருப்பது வாசகம். நாமக்கல் லாரியின் பின்பலகையில் பெயிண்டர் எழுதுவது வாசகம். திருப்பூர் பிரிண்டிங் பட்டறையில் நீள மேசை மேல் வெட்டிய துணிகளை வரிசையாக ஒட்டி, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வைத்துச் சாயத்தை இழுத்துக்கொண்டு போகும்போது, ‘ஏனுங்ணா, வாசகம் கொஞ்சம் கீழ எறங்கிருச்சுங்’ என்றுதான் சொல்வார்களே தவிர, முழக்கம் இறங்கிவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். வாசகமும் வடசொல்தானே என்று தூய்மைவாதிகள் கேட்கலாம். வடசொல்தான். திருவாசகத்துக்கு அவர்கள் வேறு பெயர் சூட்டி முடித்த பிறகு இதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். தெளிவைக் கொடுத்துத் தூய்மையை வாங்குவது எனக்கு லாபமாகத் தோன்றவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிட வேண்டும். கோவையைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்பதும், திருப்பூரை ‘டாலர் சிட்டி’ என்பதும், ஈரோட்டை ‘மஞ்சள் நகரம்’ என்பதும் முழக்கமும் அல்ல, வாசகமும் அல்ல, அவை அடைமொழிகள். தமிழக அரசின் ‘வாய்மையே வெல்லும்’ குறிக்கோளுரை. இவை எல்லாவற்றையும் முழக்கம் என்ற ஒரே சொல்லில் கொட்டிவிடும்போது எது எதற்கு என்பது தெரியாமல் போகிறது. அடைமொழியிலும் கடன் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் இங்கே பெருகிய நூற்பாலைகளைக் காட்டி மான்செஸ்டரின் பெயரை வாங்கிக்கொண்டோம். அகமதாபாத் தன்னை இந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிக்கொண்டதால் நமக்குத் தென்னிந்தியா மட்டும்தான் மிஞ்சியது. நமக்கென்று சொந்தமாக இருப்பது ‘கோயமுத்தூர்க் குசும்பு’. அதற்கும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பங்கு கேட்கிறார்கள். ஈரோடு 1979 வரையும் திருப்பூர் 2009 வரையும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தன என்பதால், அவர்கள் வாதத்தை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை.

இனி மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்டின் வரியை ‘ஆஸ்டினை விசித்திரமாக வைத்திருங்கள்’ என்று பெயர்ப்பது தமிழே அல்ல. மருந்துப் புட்டியில் ‘குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கவும்’ என்று போட்டிருப்பதன் தம்பி அது. ‘வியர்டு’ என்ற ஆங்கிலச் சொல் முன்பு ஊழ், விதி என்ற பொருளில் வழங்கியது. இன்று நம் ‘ஏடாகூடம்’, ‘கோக்குமாக்கு’ என்பவற்றுக்கு அருகில் நிற்கிறது. விசித்திரம் என்பது வேடிக்கை பார்க்க வந்தவன் சொல்லும் சொல். இந்த வாசகத்தைச் சொல்பவரோ ஊர்க்காரர், அதுவும் கொஞ்சம் பெருமையோடு சொல்பவர். கொங்கில் அதைப் பனியனில் போடுவதானால் ‘எங்கூரு இப்படித்தானுங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மதுரைக்காரர்கள் இதைக் கடன் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த ‘ங்க’வை எடுத்துவிட்டு ‘டா’வைப் போடும் செலவு அவர்களுடையது.