செடி பச்சையாகத் தொங்கினால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், தக்காளிக்காரர்களிடமிருந்து அதே கேள்வி: "செடி பச்சையாவே தொங்குது, வேருக்கு என்ன மருந்து ஊத்தலாம்?" கேட்பவர்களில் பலர் அதற்குள் கார்பென்டாசிமை இரண்டு தடவை ஊற்றி முடித்திருக்கிறார்கள்.

கார்பென்டாசிம் பூஞ்சாணக் கொல்லி. இலை மஞ்சளாகாமல் செடி திடீரென்று தொங்குவது பெரும்பாலும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவின் வேலை. அளவை இரட்டிப்பாக்கினாலும் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. "சாயங்காலம் ஊத்தினேன், காலையில செடி நிமிர்ந்துச்சே!" என்பார்கள். ஊற்றாமல் விட்டிருந்தாலும் நிமிர்ந்திருக்கும். இந்த நோயில் முதல் ஓரிரு நாள் உச்சி வெயிலில் கொழுந்து தொங்கும், வெயில் தாழ்ந்ததும் தேறும், பிறகு ஒரேயடியாகச் சாயும். அந்த இரண்டு நாள் நிமிர்வை மருந்தின் பலன் என்று நம்பித்தான் அடுத்த டப்பாவையும் வாங்குகிறார்கள். ஊற்றிய தண்ணீரோ கிருமியைப் பக்கத்துச் செடிக்கு அழைத்துப் போகிறது.

காப்பர் மருந்துகள் இலைப்புள்ளிக்கு ஓரளவு உதவும். தண்டுக்குள் புகுந்த கிருமியை எட்டாது. ஸ்ட்ரெப்டோமைசினும் வாடிய செடியை மீட்காது. அது காசநோய்க்காரர்களுக்குக் கொடுக்கும் மருந்து, தயவுசெய்து மண்ணில் கொட்டாதீர்கள்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். வாடத் தொடங்கிய செடியின் தண்டைத் தரையோடு ஒட்டிய பகுதியில் மூன்று அங்குலம் வெட்டிக் கழுவுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி ஆடாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள், ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். இழை இறங்காமல், அடியிலை மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பியூசேரியம் பூஞ்சாணமாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உருளையில் கிழங்கையே பாருங்கள். முளை வரும் கண்களில் மண் ஒட்டி, தட்டினாலும் உதிராமல் இருக்கும். குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம். அழுத்தினால் வளையத்திலிருந்து வெள்ளைச் சீழ் கசியும். குளிர்ந்த மலைத் தோட்டத்துக் கிழங்கு வெளியே பளிச்சென்று இருந்துகொண்டே உள்ளே கிருமியைச் சுமக்கலாம். அதனால்தான் விதைக்கிழங்கை வெட்டி நடாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். ஒரு நோய்க் கிழங்கை வெட்டிய கத்தி அடுத்தடுத்த கிழங்குகளுக்கும் நோயைப் பூசிவிடும்.

வாடிய செடியை வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் போட்டு வெளியேற்றுங்கள். பாரில், அதாவது செடி வரிசை மேட்டில், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வாய்க்காலில் எறிவதும் எருக்குழியில் போடுவதும் அடுத்த போகத்துக்கு நோயை நீங்களே விதைப்பது. நோய் உள்ள பாரைத் தாண்டித் தண்ணீர் பாய விடாதீர்கள்; முடிந்தால் சொட்டுநீருக்கு மாறுங்கள். பூக்கும் சமயத்தில் வேர் அறுபட ஆழமாகக் கொத்தவும் வேண்டாம். காயம்பட்ட வேர்தான் கிருமிக்கு வாசல். வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும்.

மண்ணில் இருக்கும் கிருமியைக் குறைக்க, உருளை நடும்போது கிழங்கு வைக்கும் சாலில் ஹெக்டேருக்கு 12 கிலோ ப்ளீச்சிங் பவுடர் போடுங்கள், அதாவது ஏக்கருக்கு சுமார் 5 கிலோ. மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பழைய பவுடர் வீண். அதே நாளில், நோயைத் தடுக்கும் பாக்டீரியா மருந்தான சூடோமோனாஸும் போடுகிறவர்கள் உண்டு. ப்ளீச்சிங் அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொன்றுவிடும். காசு இரண்டு பக்கமும் போகும்.

தக்காளியில் வாடல் வந்த நிலத்துக்கு அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புள்ள ரகமோ, சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டிய நாற்றோ வாங்குங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண் அணைக்கும்போது அதை மூடினால் தக்காளித் தண்டே வேர் விட்டு, ஒட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகும்.

தக்காளிக்குப் பிறகு கத்தரி, மிளகாய், உருளை வைப்பது பயிர் சுழற்சி ஆகாது. எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு மூன்று ஆண்டு மக்காச்சோளம், கேழ்வரகு, நெல், மலையில் முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றுங்கள். அப்போதும் வரப்பு மணத்தக்காளியைப் பிடுங்காமல் விட்டால் கிருமி அதில் உட்கார்ந்து காத்திருக்கும். இன்னொரு வேண்டுகோள்: வாடல் கண்ட தோட்டத்துக் கிழங்கில் நல்லதாகப் பொறுக்கியதைச் சமையலுக்கு விற்றுக்கொள்ளுங்கள், விதைக்கென்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.