சிக்கல் வடிவாக்கம்: தீர்வுக்கு முன்னால் வரும் வேலை

குழப்பமான விவகாரத்தில் எது பிரச்சினை என்பதையே பலர் கூடிப் பேசித் தெளிவாக்க உதவும் வழிமுறைகளை ஆங்கிலத்தில் 'பிராப்ளம் ஸ்ட்ரக்சரிங் மெத்தட்ஸ்' என்கிறார்கள். இதைப் 'பிரச்சினைக் கட்டமைப்பு முறைகள்' என்று தமிழாக்கிவிடலாம்தான். ஆனால் படிப்பவருக்கு, யாரோ உட்கார்ந்து பிரச்சினையைக் கட்டி எழுப்புவதுபோலத் தோன்றும்!

'பிராப்ளம்' கிரேக்க வழி வந்த சொல். முன்னால் எறியப்பட்டது என்பது வேர்ப்பொருள். நம் 'பிரச்சினை', கேள்வியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டிலும் விஷயம் தெளிவாக எதிரே நிற்கிறது, பதில்தான் பாக்கி. பலர் கூடிப் பேசும் விவகாரங்கள் அப்படி இருப்பதில்லை. எது பிரச்சினை என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து. இத்தகையவற்றை 1973இல் ரிட்டல், வெபர் என்ற திட்டமிடல் அறிஞர்கள் இருவரும் 'விக்கிட் பிராப்ளம்ஸ்', அதாவது பொல்லாத பிரச்சினைகள், என்றார்கள். சிக்கு, சிக்குதல், சிக்கல் என்று வரும் நம் சொல் இதற்குக் கச்சிதம்: நுனி எதுவென்று தெரியாத நூல்கண்டு.

'ஸ்ட்ரக்சர்' லத்தீனில் அடுக்குதல், கட்டுதல். இங்கே நடப்பது, கலைந்து கிடப்பதற்குக் கூடியிருப்போர் சேர்ந்து ஓர் உருவம் கொடுப்பது. அதனால் 'சிக்கல் வடிவாக்க முறைகள்' என்பேன். 'சிக்கெடுப்பு' இன்னும் அழகுதான். ஆனால் சிக்கெடுத்தாயிற்று என்றால் வேலையே முடிந்ததாகிவிடும்.

பிரிட்டனில் வளர்ந்த முறைகள் இவை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்ட் உருவாக்கிய மென் அமைப்பு முறையியலில் ('சாஃப்ட் சிஸ்டம்ஸ் மெத்தடாலஜி'), நிலவரத்தை முதலில் கையால் படமாக வரைகிறார்கள். காலின் ஈடனின் முறையில் ஒவ்வொருவர் மனத்திலுள்ள காரண காரியத் தொடர்களும் அம்புக்குறி வரைபடமாகின்றன.

சரி, இவை பலித்தனவா என்று எப்படிச் சொல்வது? இங்கும் சொல்தான் காலை வாருகிறது. நோக்கத்தோடு செய்யும் எந்தச் செயலையும் எடைபோடச் செக்லண்ட் மூன்று அளவுகோல் வைத்தார்: எஃபிகசி, எஃபிஷியன்சி, எஃபெக்டிவ்னஸ். மூன்றுக்கும் ஒரே லத்தீன் வேர், 'செய்து முடித்தல்'. தமிழில் பெரும்பாலும் மூன்றையுமே 'செயல்திறன்' என்று எழுதிவிடுகிறோம். இலங்கைப் பாடநூல் தமிழ் இதில் தெளிவு: எஃபிஷியன்சி வினைத்திறன், எஃபெக்டிவ்னஸ் விளைதிறன். மிச்சமிருக்கும் எஃபிகசிக்குப் 'பலிப்பு' போதும் என்பது என் எண்ணம். முறை வேலை செய்ததா என்பது பலிப்பு. குறைந்த நேரம், ஆள், பணத்தில் முடிந்ததா என்பது வினைத்திறன். நெடுநாள் நோக்கத்துக்கு உதவியதா என்பது விளைதிறன்.

மூன்றாவதை அளப்பதுதான் பெரும்பாடு. அதே குழு, அதே சிக்கல், ஆனால் முறை மட்டும் இல்லை என்று இன்னொரு தடவை நடத்திப் பார்க்க முடியாது. கூட்டத்தை நடத்தியவர் கெட்டிக்காரராக இருந்தால், பலன் முறையால் வந்ததா, அவரால் வந்ததா? முடிந்த கையோடு 'பயனுள்ளதாக இருந்ததா' என்று படிவம் நீட்டினால் எல்லோரும் ஆம் என்றே எழுதுவார்கள். அது திருப்தி, விளைதிறன் அல்ல. அடுத்தவர் பார்வை பிடிபட்டதா, எடுத்த முடிவில் எல்லோரும் நின்றார்களா என்று சில மாதம் கழித்துக் கேட்டால் ஓரளவு தெரியவரும்.