'நெருக்கடிக் காலம்' வேண்டாம், 'பதப் பருவம்' போதும்

சுண்டெலிக் குட்டியின் மோப்ப மூளை வளரும் விதத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள், பிறந்த முதல் வாரத்துக்கு வந்ததும் 'நெருக்கடிக் காலம்' என்று எழுதிவிடுகிறார்கள். குட்டிக்கு என்ன நெருக்கடி? கண்கூடத் திறக்காமல் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பால் குடிக்கிறது, தூங்குகிறது.

மூலம் 'கிரிட்டிக்கல் பீரியட்' என்ற ஆங்கிலத் தொடர்: மூளையின் ஓர் அமைப்பு முடிவாகிவிடும் குறுகிய காலம். 'கிரிட்டிக்கல்' என்பதன் வேர், பிரித்தறிவது, தீர்ப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று முடிவாகும் கட்டத்தைப் பழைய கிரேக்க வைத்தியர்கள் 'கிரிசிஸ்' என்றார்கள். நெருக்கடி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, அந்த வாரத்தில் என்னதான் முடிவாகிறது? மணத்தை உணரும் புரதம்தான் மண ஏற்பி. எலியிடம் அதற்கான மரபணுக்கள் ஏறக்குறைய 1000. மூக்கிலுள்ள ஒவ்வொரு மோப்ப நியூரானும் (நரம்பணுவும்) அவற்றில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஒரே ஏற்பியுள்ள நியூரான்களின் இழைகள் எல்லாம், மூளையில் மணச் செய்தி முதலில் வந்து சேரும் மோப்பக் குமிழில் குறிப்பிட்ட ஓரிரு முடிச்சுகளில் போய்ச் சேரும். 2014இல் வந்த ஆய்வுகளில் இந்த வழியை வேண்டுமென்றே குலைத்துப் பார்த்தார்கள். குலைப்பதைச் சீக்கிரமே நிறுத்தினால் இழைகள் திருந்திக்கொண்டன. முதல் வாரம் கடந்துவிட்டால், பிறகு புதிதாக முளைக்கும் நியூரான்களும் அந்தக் கோணல் வழியையே பிடித்துப் போயின.

இதற்கு 'மாறுநிலைக் காலம்' என்று சொல்லலாமே என்கிறது இன்னொரு கட்சி. இயற்பியலில் 'கிரிட்டிக்கல் ஆங்கிள்' என்பதற்கு 'மாறுநிலைக் கோணம்' இருக்கிறதாம், அதே முன்னொட்டை இங்கேயும் வைத்தால் ஒழுங்காக இருக்குமாம். கலைச்சொல் என்பது அச்சில் வார்ப்பதா என்ன? அந்தக் கோணம் ஓர் எல்லை: அதைத் தாண்டிச் சாய்ந்தால் கண்ணாடிக்குள் இருக்கும் ஒளி வெளியேறாமல் முழுக்கத் திரும்பிவிடும். ஒளியை இந்தப் பக்கமும் சாய்க்கலாம், அந்தப் பக்கமும் சாய்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். நாம் பேசுவதோ சில நாட்கள் நீடித்து, போனால் திரும்பாத ஒன்று. அதைவிடப் பெரிய கோளாறு: மூக்கின் நியூரான்கள் எலியின் ஆயுள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைக்கின்றன. மாறாத நாளே இல்லை. முதல் வாரத்தின் சிறப்பு, அப்போது வழி நிலைத்துவிடுகிறது என்பதுதான். 'மாறுநிலை' என்றால் நேர் எதிரான பொருள் வருகிறது. 'முக்கியக் காலம்' என்பாரும் உண்டு. எந்தக் காலம்தான் முக்கியமில்லை?

என் பரிந்துரை 'பதப் பருவம்'. களிமண் பதமாக இருக்கும்போது வளைகிறது, பதம் தப்பினால் விரிசல் விடுகிறது. பருவம் என்றாலே வந்து போவது. பதத்துக்குச் 'சொல்' என்றும் பொருள் உண்டே என்பார்கள். உண்டு. எலியின் மூளையைப் பற்றிப் படிக்கிறவர் யாரும் அங்கே இலக்கணத்தைத் தேடப் போவதில்லை.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. மணத்தை உணரும் நரம்பு இணைப்புகளை 'நுகர்வுச் சுற்று' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நுகர்தலுக்கு முகர்தல் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் நுகர்வோர், நுகர்வுப் பொருள் என்று தினமும் படிக்கிறவருக்கு, எலி ஏதோ வாங்கப் புறப்பட்டது போலத்தான் தோன்றும். 'மோப்பச் சுற்று' என்று எழுதினால் குழப்பமே இல்லை.